ஆர்எஸ்எஸ்ஐ அளவை எவ்வளவு தூரம் நம்பலாம்? (சிசி2420, சிசி1101, லோரா)

கல்லூரி_மூலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. கடைசி வருஷம். எங்க லேப் அலமாரியில டெலோஸ்பி மோட்டுகள் (சிசி2420 ரேடியோ சிப் வச்ச குட்டி வயர்லெஸ் சென்சார் நோடுகள்) கொஞ்சம் தூங்கிக்கிட்டு இருந்தது, அதை எழுப்பி கான்டிகி ஓஎஸ் ஏத்தியிருக்கேன். ப்ராஜெக்ட் தலைப்பு: ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது வந்து சேர்ற சிக்னலோட பலத்தை வச்சு நோடுகளுக்கு நடுவில உள்ள தூரத்தைக் கணக்கிடுறது. தலைப்பு கைடு கொடுத்தது, நான் தேர்ந்தெடுத்தது இல்ல.

ரெண்டு சிக்கல். ஒண்ணு, ரிஜிஸ்டர்ல இருந்து வர்ற மதிப்பு 239, 246, 233 இப்படி வருது. டேட்டாஷீட்ல 45ஐக் கழிக்கச் சொல்லியிருக்கு. கழிச்சா 194 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0ஆ வச்சு டெசிபல்ல சொல்ற சக்தி அளவு). ரெண்டாவது, இதை எப்படியோ சரி பண்ணிட்டாலும் எண்கள் தூரத்துக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. மூணு மீட்டர்ல வர்றதை விட அஞ்சு மீட்டர்ல சிக்னல் அதிகமா இருக்கு! மேசை மேல நோடை நாலு விரல் அகலம் நகர்த்தினாலே 10 டிபிக்கு மேல குதிக்குது. சிப் பழுதா, கோடு பழுதா?

---

பழைய_ரேடியோ எழுதியது:

194 டிபிஎம் என்றால் ஏறத்தாழ 250 கோடி கோடி வாட். உங்கள் லேப் இன்னும் நிற்கிறதா தம்பி?

முதல் சிக்கல் எளிது. சிசி2420 கொடுக்கும் மதிப்பு 8 பிட், குறி உள்ள எண் (மைனஸும் வரும்). நீங்கள் அதைக் குறி இல்லாத எண்ணாக வாங்கி அச்சிடுகிறீர்கள். 239 என்பது உண்மையில் -17. அதிலிருந்து 45 போனால் -62 டிபிஎம். 246 என்பது -10, அதாவது -55 டிபிஎம். மாறியின் வகையை மாற்றினால் தீர்ந்தது.

இனி கவனிக்க வேண்டியது அந்த 45. டேட்டாஷீட்டில் அதற்கு முன்னால் "சுமார்" என்று போட்டிருப்பான். அந்தச் சிப்பின் ஆர்எஸ்எஸ்ஐ துல்லியம் கூட்டியோ குறைத்தோ 6 டிபி. இந்தச் சிப் பின்பற்றும் 802.15.4 வயர்லெஸ் தரமே எனர்ஜி டிடெக்ட் (சேனலில் உள்ள சக்தியை அளப்பது) அளவுக்கு அவ்வளவு சலுகைதான் கொடுத்திருக்கிறது. ஆக ஒரே இடத்தில் இரண்டு மோட்டுகளை வைத்து ஒன்று -60, மற்றொன்று -68 காட்டினால் இரண்டுமே டேட்டாஷீட்டை மீறவில்லை. எந்த மோட் எந்த எண்ணைக் கொடுத்தது என்று லாகில் சேர்த்து எழுதுகிறீர்களா?

இன்னொன்று. பாக்கெட்டின் கடைசியில் சிஆர்சி (பிழை சரிபார்க்கும் எண்) இருக்க வேண்டிய இரண்டு பைட்டுகளில் சிப் தானே மதிப்புகளை எழுதி வைக்கும். முதல் பைட் ஆர்எஸ்எஸ்ஐ. இரண்டாவதில் மேல் பிட் சிஆர்சி சரியா இல்லையா என்பது, மீதி 7 பிட் கோரிலேஷன் (வந்த சிக்னல் எதிர்பார்த்த வடிவத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்). தூர ஆராய்ச்சிக்கு இந்த பைட்டைத்தான் எடுக்க வேண்டும். ரிஜிஸ்டரை உங்கள் வசதிப்பட்ட நேரத்தில் படித்தால், பாக்கெட் போய்ச் சேர்ந்த பிறகு காற்றில் கிடக்கும் வெறும் இரைச்சலைத்தான் படிப்பீர்கள். ரிசீவரை இப்போதுதான் ஆன் செய்தீர்கள் என்றால் 8 சிம்பல் நேரம், அதாவது 128 மைக்ரோ செகண்ட், போகும் வரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதற்காகவே ஸ்டேட்டஸில் ஒரு 'வேலிட்' பிட் வைத்திருக்கிறான்.

---

கல்லூரி_மூலை எழுதியது:

நன்றி சார். குறி மாத்தினதும் -62, -55ன்னு வருது. நான் ரிஜிஸ்டரைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன், இப்ப பாக்கெட் பைட்டுக்கு மாத்திட்டேன். ஆனா மூணு மீட்டர், அஞ்சு மீட்டர் கதை அப்படியேதான் இருக்கு.

---

அலைநீளம் எழுதியது:

அது கோடு பழுதும் இல்லை, சிப் பழுதும் இல்லை. உங்கள் அறை அப்படி.

2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12 செ.மீ. நேராக வரும் அலையும் சுவர், தரை, இரும்பு அலமாரி இவற்றில் பட்டுத் திரும்பும் அலைகளும் ஆன்டெனாவில் வந்து கூடுகின்றன. சில இடத்தில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், சில இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் மோதினால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே கால் அலைநீளம், அதாவது 3 செ.மீ.தான். நாலு விரல் அகலத்தில் நீங்கள் ஒரு பள்ளத்தையே தாண்டிவிடுகிறீர்கள். பள்ளத்தில் 20 டிபி வரை இறங்குவதும் அதிசயமில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை. நோடுகளைத் தொடாதீர்கள். சேனலை மட்டும் 11லிருந்து 26 வரை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பாக்கெட் அனுப்புங்கள். 2405லிருந்து 2480 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சேனல்கள். தூரம் மாறவில்லை, உயரம் மாறவில்லை, ஆனால் ஆர்எஸ்எஸ்ஐ சேனலுக்குச் சேனல் மாறும். அந்தப் படத்தை வரைந்து உங்கள் கைடிடம் காட்டினால் பேச்சு வேறு திசைக்குப் போகும்.

டெலோஸ்பியில் இருப்பது போர்டிலேயே அச்சிட்ட ஆன்டெனா. அது எல்லாத் திசைக்கும் சமமாகக் கதிர் வீசாது. லேப்டாப் யுஎஸ்பியில் செருகினால் லேப்டாப்பின் உலோகமும் ஆன்டெனாவோடு சேர்ந்துகொள்ளும். நீங்கள் பக்கத்தில் நின்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும்தான். பேட்டரியில் ஓட்டி, ஸ்டாண்டில் வைத்து, தள்ளி நின்று எடுங்கள்.

---

தோப்புக்காரன் எழுதியது:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நான் இன்ஜினியர் இல்ல, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை. மண் ஈரம் பார்க்க நானே நோடு கட்டி வச்சிருக்கேன். முதல்ல என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ சிப் போட்டேன், அதுல சிக்னல் அளவு எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பார்த்தேன், 0, 1 மட்டும்தான் வருது. அப்புறம் எஸ்எக்ஸ்1276 சிப், லோராவுக்கு (ரொம்ப தூரம் போற ரேடியோ முறை) மாறினேன், 866 மெகாஹெர்ட்ஸ். அதுல எண் வருது. ஆனா கடைசி வரப்புப் பக்கம் இருக்குற மூணு நோடும் -113, -114ன்னே காட்டுது. ஒண்ணு மோட்டார் ரூம்ல இருந்து கூப்பிடு தூரம், இன்னொண்ணு அதுக்கும் அந்தாண்ட. ரெண்டுக்கும் ஒரே எண் எப்படி வரும்?

---

பழைய_ரேடியோ எழுதியது:

அண்ணே, என்ஆர்எஃப்24ல் தேடினாலும் கிடைக்காது. அதில் இருப்பதே ஒற்றை பிட். வந்த சக்தி -64 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் 1, கீழே இருந்தால் 0. தோப்பில் அது பெரும்பாலும் 0தான் காட்டியிருக்கும், பாக்கெட் நன்றாகவே வந்துகொண்டிருந்தாலும்.

லோரா கதை சுவாரசியமானது. அந்தச் சிப் சொல்லும் ஆர்எஸ்எஸ்ஐ உங்கள் பாக்கெட்டின் பலம் இல்லை. அந்த அலைப்பட்டைக்குள் அந்த நேரத்தில் இருந்த மொத்த சக்தி. கல்யாண மண்டபத்தில் டெசிபல் மீட்டரை வைத்துவிட்டு, மூலையில் மாமா பேசுவது எவ்வளவு சத்தம் என்று படிப்பது மாதிரி. மீட்டர் நாதஸ்வரத்தைத்தான் காட்டும்.

125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அறை வெப்பத்தில் வெப்ப இரைச்சல் -123 டிபிஎம். ரிசீவரின் சொந்த இரைச்சல் ஒரு 6 டிபி சேர்த்தால் -117. இது நாய்ஸ் ஃப்ளோர். மற்ற சிப்புகள் இதற்கு மேலேதான் கேட்கும். லோரா இதற்குக் கீழேயும் கேட்கும். எஸ்எஃப் என்பது சிக்னலை எவ்வளவு நீட்டிப் பரப்பி அனுப்புகிறோம் என்ற எண்; எஸ்எஃப்12ல் இரைச்சலுக்கு 20 டிபி கீழே கிடக்கும் பாக்கெட்டைக்கூடத் தோண்டி எடுத்துவிடும். எஸ்எஃப்7 என்றால் 7.5 டிபி கீழே வரை. ஆக பாக்கெட் -120ல் வந்தாலும் -130ல் வந்தாலும் மொத்த சக்தி இரைச்சல் அளவிலேயே நிற்கும். உங்கள் மூன்று நோடுகளும் அந்தத் தரையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

விடை பக்கத்து ரிஜிஸ்டரில் இருக்கிறது. பாக்கெட் எஸ்என்ஆர், அதாவது சிக்னல் இரைச்சலை விட எத்தனை டிபி மேலே அல்லது கீழே என்பது. அதுவும் குறி உள்ள எண், 4ஆல் வகுக்க வேண்டும். எஸ்என்ஆர் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அதை ஆர்எஸ்எஸ்ஐயோடு கூட்டச் சொல்கிறது டேட்டாஷீட். ரிஜிஸ்டர் 43 என்றால் -157 கூட்டி -114. எஸ்என்ஆர் -12 என்றால் உண்மையான பலம் -126. இந்தத் திருத்தத்தைச் சில லைப்ரரிகள் தாங்களே செய்துவிடும், சில செய்யாது. சோர்ஸைத் திறந்து பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை கூட்டிவிடுவீர்கள். அந்த -157ம் 866க்கு உரியது. 433 என்றால் -164. வேறு பேண்டுக்கு எழுதிய கோடை எடுத்து ஒட்டினால் 7 டிபி காணாமல் போகும்.

---

தோப்புக்காரன் எழுதியது:

பார்த்துட்டேன். என் லைப்ரரி கூட்டல. இப்ப மூணுக்கும் வேற வேற எண் வருது, -118, -121, -128. கடைசி நோடுதான் அப்பப்ப விட்டு விட்டு வரும், இப்ப கணக்கு ஒத்துப்போகுது.

மழை வந்தா சிக்னல் குறையுதே, அதுக்கு என்ன பண்றது?

---

அலைநீளம் எழுதியது:

மழைத் துளிகள் 866லும் 2.4லும் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. பல கிகாஹெர்ட்ஸ் மேலே போனால்தான் மழை கணக்கில் வரும். குறைப்பது நனைந்த மட்டைகளும், பெட்டி மேல் படிந்த நீரும், ஆன்டெனா இணைப்புக்குள் இறங்கிய ஈரமும். முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் அதுதான் குற்றவாளி.

நோடு தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

---

தோப்புக்காரன் எழுதியது:

முழங்கால் உயரம். சென்சார் வயர் குட்டையா இருக்கு.

---

அலைநீளம் எழுதியது:

அங்கேதான் டிபிகள் கரைகின்றன. நேர் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: இரண்டு ஆன்டெனா உயரங்களையும் பெருக்கி, 4ஆல் பெருக்கி, அலைநீளத்தால் வகுக்கவும். அதற்கு அப்பால் தூரம் இரட்டித்தால் 6 டிபி போக வேண்டியது 12 டிபி போகும். 866ல் அலைநீளம் சுமார் 35 செ.மீ. இரு பக்கமும் அரை மீட்டர் உயரம் என்றால் மூன்று மீட்டரிலேயே அந்தச் சரிவு தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் 2 மீட்டருக்கு ஏற்றினால் 46 மீட்டர் வரை தள்ளிப்போகும். அதற்கு அப்பாலும் லாபம்தான்: ஒரு பக்க உயரத்தை இரட்டித்தால் 6 டிபி கிடைக்கும். சென்சார் வயரை நீட்டுங்கள், இல்லை ஆன்டெனாவுக்கு மட்டும் ஒரு குழாயை நட்டு மேலே ஏற்றுங்கள். பவரைக் கூட்டி பேட்டரியைத் தின்ன விடுவதை விட இது மேல்.

---

கல்லூரி_மூலை எழுதியது:

சேனல் சோதனை பண்ணிட்டேன். நோடு அசையல, சேனல் 14க்கும் 19க்கும் நடுவில 13 டிபி வித்தியாசம். கைடுகிட்ட காட்டினேன், "ஆவரேஜ் எடு, எல்லாம் சரியாயிடும்"னார். எடுக்கலாமா?

---

அலைநீளம் எழுதியது:

எதை ஆவரேஜ் எடுப்பது என்று கேளுங்கள்.

ஒரே இடத்தில், ஒரே சேனலில் ஆயிரம் பாக்கெட் எடுத்து ஆவரேஜ் போட்டால் அந்தப் பள்ளத்தின் ஆழம் துல்லியமாகத் தெரியும். அவ்வளவுதான். யாரும் நடமாடாத அறையில் ஆர்எஸ்எஸ்ஐ ஓரிரு டிபிக்குள் அசையாமல் நிற்கும், அதைப் பார்த்து அளவு துல்லியம் என்று நினைத்துக்கொள்வார்கள். தவறான எண்ணும் அசையாமல் நிற்கும். பல சேனல், பல இடம் என்று பரப்பி எடுத்தால்தான் ஆவரேஜுக்குப் பயன்.

டிபிஎம்மில் ஆவரேஜா, மில்லிவாட்டில் ஆவரேஜா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். -60, -80 இரண்டுக்கும் டிபிஎம்மில் சராசரி -70. மில்லிவாட்டுக்கு மாற்றிச் சராசரி எடுத்துத் திருப்பினால் -63. இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை. நான் பெரும்பாலும் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுத்துவிடுவேன், இந்தத் தகராறே வராது.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய பொறி வேறொன்று. வந்து சேர்ந்த பாக்கெட்டுக்குத்தான் ஆர்எஸ்எஸ்ஐ உண்டு. தொலைந்த பாக்கெட் எதையும் எழுதி வைக்காது. சிசி2420ன் உணர்திறன், அதாவது அது கேட்கக்கூடிய மிகக் குறைந்த பலம், -95 டிபிஎம் அளவில். 60 மீட்டரில் உங்கள் சிக்னல் -90க்கும் -100க்கும் நடுவே ஆடுகிறது என்றால், லாகில் விழுவது மேல்பாதி மட்டும். ஆவரேஜ் -92 என்று அழகாக வரும். இன்னும் தள்ளிப் போனாலும் -93. தூரம் கூடக் கூட வரைபடம் தட்டையாகும். அதைப் பார்த்து "தொலைவில் இழப்பு குறைகிறது" என்று எழுதிய ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். வரிசை எண் போட்டு, எத்தனை தொலைந்தது என்பதையும் ஆவரேஜுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

---

ஈயக்கம்பி எழுதியது:

எல்லாரும் சேர்ந்து பையனை பயமுறுத்துறீங்க. ஆர்எஸ்எஸ்ஐயில தூரம் வராதுன்னு ஒரே அடியா அடிக்கக் கூடாது. நாங்க ஒரு கோடவுன்ல ட்ராலிகளுக்கு டேக் போட்டோம். கட்டம் கட்டமா முன்னாடியே அளந்து டேபிள் வச்சுக்கிட்டோம். எந்த வரிசையில ட்ராலி நிக்குதுன்னு சொல்லுது. வேலை நடக்குது.

---

அலைநீளம் எழுதியது:

நீங்கள் செய்தது இடத்தின் கைரேகை எடுப்பது. அதில் நீங்கள் தூரத்தைக் கணக்கிடவே இல்லையே. "இந்த எண்கள் இப்படி வந்தால் இது மூன்றாம் வரிசை" என்று பார்த்து வைத்தீர்கள். நல்ல முறைதான். ரேக்கில் சரக்கு மாறினால் மறுபடி அளக்க வேண்டும், அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பையன் செய்ய நினைப்பது சூத்திரம். ஒரு மீட்டரில் இவ்வளவு, அதிலிருந்து மடக்கை போட்டு இவ்வளவு மீட்டர் என்று. அதில் வெறும் 6 டிபி பிழை என்ன செய்யும் பாருங்கள். இழப்புக் குறியீட்டு எண் (தூரம் கூடினால் சிக்னல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது) 2.5 என்று வைத்துக்கொண்டால், உண்மையில் 10 மீட்டரில் இருக்கும் நோடு 5.8 மீட்டரிலிருந்து 17 மீட்டர் வரை எங்கு வேண்டுமானாலும் தெரியும். சிப்பின் சொந்தப் பிழை மட்டுமே இது. அறையின் பள்ளம் மேடு இன்னும் உள்ளே வரவில்லை. அந்த 2.5ம் நாம் வைத்துக்கொண்டதுதான்.

---

ஈயக்கம்பி எழுதியது:

சிப் பிழையைக் கழிச்சுடலாமே. ஒவ்வொரு நோடையும் கேலிபரேட் பண்ணினா?

சிக்னல் ஜெனரேட்டர் இல்லாம பண்ற வழி சொல்றேன். எஸ்எம்ஏ கனெக்டர் (ஆன்டெனா கேபிள் முறுக்குற இடம்) இருக்கிற போர்டு ரெண்டு எடு. நடுவில கோஆக்ஸ் கேபிள், அதுல அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற துண்டு). அனுப்புற பக்கம் பவர் லெவலை மாத்து: சிசி2420ல 31ன்னா 0 டிபிஎம், 19ன்னா -5, 11ன்னா -10, 7ன்னா -15, 3ன்னா -25. கேட்கிற பக்கம் என்ன எண் வருதுன்னு குறிச்சுக்கோ. கேட்கிற நோடை மட்டும் மாத்திக்கிட்டே போனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கைக்கு வந்துடும்.

ஒண்ணு மட்டும் கவனம். 60 டிபிக்கு மேல அட்டெனுவேட்டர் போட்டா கேபிள் வழியா வர்றதை விட போர்டுல இருந்து காத்துல கசியுறது அதிகமாயிடும். எண் இறங்கவே இறங்காது. நாங்க ஒரு பக்க நோடை பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சு, மூடி விளிம்பு முழுக்க காப்பர் டேப் ஒட்டி, எஸ்எம்ஏவை டின் சுவர்லயே ஓட்டை போட்டு நட்டு வச்சு முறுக்கிட்டோம். பேட்டரியும் உள்ளேயே. வயர் ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் அது வழியா கசியும். டின்னோட பெயின்ட்டை விளிம்புல சுரண்டணும், இல்லன்னா டேப் ஒட்டியும் பிரயோஜனம் இல்ல.

---

பழைய_ரேடியோ எழுதியது:

டின் யோசனை அருமை. அந்த அளவை எடுத்தால் இன்னொன்றும் தெரியும்: வந்த சக்திக்கும் சிசி2420 காட்டும் எண்ணுக்கும் வரையும் கோடு நேர்கோடு இல்லை. உள்ளே பெருக்கம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு மாறும் இடங்களில் நெளியும். டேட்டாஷீட் படத்தை உற்றுப் பார்த்தாலே தெரியும். ஆகவே ஒரே ஒரு 45ஐ மாற்றினால் போதாது, டேபிளாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயிலையும் மறக்க வேண்டாம். சூடு ஏற ஏற அனுப்பும் சக்தியும் குறையும், கேட்கும் பக்கப் பெருக்கமும் குறையும். மொட்டை மாடியில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் நோடு மத்தியானத்தில் சில டிபி இறங்கிக் காட்டும், ராத்திரி ஏறும். நடுப்பகலில் மட்டும் விடும் இணைப்பு என்று யாராவது புலம்பினால் முதலில் இதைப் பாருங்கள். என்ஆர்எஃப்52840 என்ற சிப்புக்கு ஆர்எஸ்எஸ்ஐயை வெப்பநிலை பார்த்துத் திருத்தச் சொல்லி எர்ராட்டாவிலேயே (சிப்பின் குறைப் பட்டியல்) போட்டிருக்கிறான்.

சிசி1101 ரேடியோ சிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, தலைப்பில் இருக்கிறது, யாரும் பேசவில்லை. அதில் மதிப்பு அரை டிபி படிகளில் வரும். 128 அல்லது அதற்கு மேல் என்றால் 256ஐக் கழித்து, 2ஆல் வகுத்து, 74ஐக் கழிக்க வேண்டும். சிங்க் வேர்டு (பாக்கெட்டின் தொடக்கக் குறி) கண்டதும் அந்த ரிஜிஸ்டர் உறைந்துவிடும். மறுபடி ரிசீவ் நிலைக்குப் போகும் வரை அதே எண்தான். நாய்ஸ் ஃப்ளோர் பார்க்கிறேன் என்று வளையம் போட்டுப் படித்துக்கொண்டே இருந்தால் கடைசி பாக்கெட்டின் எண்ணையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

---

கல்லூரி_மூலை எழுதியது:

அப்ப தலைப்பை என்ன பண்றது? ரிவ்யூவுக்கு இன்னும் நாள் இருக்கு, மாத்தலாம்னு கைடும் இறங்கி வந்திருக்கார்.

---

அலைநீளம் எழுதியது:

தூரத்தை விட்டுவிட்டு இணைப்பைப் பிடியுங்கள். "இந்த இணைப்பில் பாக்கெட் போய்ச் சேருமா" என்ற கேள்விக்கு ஆர்எஸ்எஸ்ஐ நன்றாகவே விடை சொல்லும். 2006ல் ஸ்டான்ஃபோர்டில் கண்ணன் ஸ்ரீனிவாசனும் பிலிப் லெவிஸும் இதே சிசி2420ஐ வைத்து இதைத்தான் காட்டினார்கள். சுமார் -87 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் குறைந்தது 85 சதவீதம் பாக்கெட் வந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறங்கினால் ஆர்எஸ்எஸ்ஐ ஒன்றும் சொல்வதில்லை, அந்த இடத்தில் கோரிலேஷன் சராசரி உதவும். அந்த -87 எல்லை உங்கள் லேபிலும், உங்கள் வராண்டாவிலும், வைஃபை ஓடும்போதும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அது ஒரு முழு ப்ராஜெக்ட்.

வைஃபை பகுதியில்தான் நல்ல சரக்கு இருக்கிறது. பாக்கெட்டோடு வரும் ஆர்எஸ்எஸ்ஐ, தொடக்கக் குறிக்குப் பிறகு வரும் முதல் 8 சிம்பலில் எடுத்தது. 128 மைக்ரோ செகண்ட். முழு நீள 127 பைட் பாக்கெட் காற்றில் இருப்பது 4 மில்லி செகண்டுக்கு மேல். வைஃபை வந்து பின்பாதியில் மோதினால் சிஆர்சி செத்துவிடும், ஆர்எஸ்எஸ்ஐ மட்டும் -65 என்று சிரித்துக்கொண்டிருக்கும். கோரிலேஷனும் அதே 8 சிம்பல்தான், அதுவும் காட்டிக்கொடுக்காது. சிஆர்சி தோற்ற பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் அவற்றின் ஆர்எஸ்எஸ்ஐயையும் லாக் செய்யுங்கள். பலவீனத்தால் போனது எது, இடிபட்டுப் போனது எது என்று பிரிக்க அது ஒன்றுதான் வழி. வைஃபை 1, 6, 11ல் ஓடினால் 15, 20, 25, 26 சேனல்கள் ஓரளவு தப்பும். 26ல் ஒரு ஓட்டம், 18ல் ஒரு ஓட்டம் எடுத்து ஒப்பிடுங்கள்.

---

ஈயக்கம்பி எழுதியது:

18ல எடுக்கும்போது பக்கத்து ரூம்ல யாராவது பெரிய ஃபைல் டவுன்லோட் போடச் சொல்லு. சும்மா கிடக்கிற ரவுட்டரை வச்சு வைஃபை தொல்லை இல்லன்னு எழுதிடாதே.

---

தோப்புக்காரன் எழுதியது:

ஆன்டெனாவை பிவிசி குழாய்ல ஆளுயரத்துக்கு மேல ஏத்தியாச்சு. கனெக்டரைக் கழட்டினா உள்ள பச்சையாத்தான் இருந்துச்சு, மாத்திட்டேன். -128 காட்டின நோடு இப்ப -117, எஸ்என்ஆர் -3. விடாம வருது. எஸ்எஃப்12ல இருந்து 9க்கு இறக்கலாமா? பேட்டரி மிச்சமாகுமே.

---

பழைய_ரேடியோ எழுதியது:

எஸ்எஃப்9க்கு எல்லை -12.5. உங்களுக்கு 9 டிபி சொச்சம் மிச்சம் இருக்கிறது. இறக்கலாம். ஆனால் மட்டை நனைந்திருக்கும் ஒரு நாள் எஸ்என்ஆர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். அதுவரை 10.